மறுப்பதற்கும் ஒரு காரணம் வேண்டும்

காயல்பட்டினத்திலோ கீழக்கரையிலோ பழைய வீடொன்றில் அமர்ந்து பெரியவர்களிடம் குடும்ப வரலாறு கேட்டால், பேச்சு விரைவில் அரபு நாட்டிலிருந்து கப்பலேறி வந்த ஒரு மூதாதையரிடம் போய் நிற்கும். வணிகத்திற்காக வந்தார், இங்கேயே தங்கினார், இங்கொரு பெண்ணை நிக்காஹ் செய்தார் என்று பெருமையோடு சொல்வார்கள். அந்தப் பெண்ணின் தாய் தந்தையரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தங்கள் மொழி பேசாத, தங்கள் உணவை உண்ணாத, உறவு சொல்ல ஊரில் ஒருவரும் இல்லாத ஒரு மனிதருக்கு மகளைக் கொடுத்தவர்கள் அவர்கள்தாம். அவர்கள் சம்மதித்திராவிட்டால் இன்று பெருமை பேச அந்தக் குடும்பமே இருந்திராது.

இன்று அதே மரபில் வந்த ஒரு தந்தை கோலாலம்பூரில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உடன் படித்த சூடான் நாட்டு இளைஞர் ஒருவர் முறைப்படி தம் ஆசிரியரை அனுப்பித் தம் மகளைக் கேட்கிறார். தொழுகையாளி, படித்தவர், வேலையில் இருப்பவர். தந்தை விசாரிக்கிறார், குறையொன்றும் தென்படவில்லை. இருந்தும் மறுக்கிறார். காரணம் கேட்டால், "பையன் நல்லவன்தான், ஆனால் ஊரில் என்ன சொல்வார்கள்?" என்கிறார். இத்தகைய வீடுகள் இன்று சிங்கப்பூரிலும் இலண்டனிலும் சென்னையிலும் உண்டு. மணமகன் மலாய்க்காரராக இருக்கலாம், இஸ்லாத்தை ஏற்ற சீனராக இருக்கலாம், ஆப்பிரிக்கராக இருக்கலாம். கேட்டு வந்தவர் வெள்ளை நிறத்தவராகவோ வளைகுடா அரபியாகவோ இருந்தால் இதே வீட்டில் பேச்சு வேறு விதமாக அமைந்திருக்கும் என்பதும் நாம் அறிந்ததே.

இந்த மறுப்புக்கு மார்க்கத்தில் எவ்வளவு எடை உண்டு என்பதே கேள்வி.

பெற்றோரின் சம்மதத்திற்கு எடையே இல்லை என்று வாதிடுவோர் நம் இளைஞரில் பெருகி வருகின்றனர். அவர்களோடு நான் உடன்படவில்லை. வலீ இன்றி நிக்காஹ் இல்லை என்ற நபிமொழி அபூதாவூத், திர்மிதீ ஆகிய தொகுப்புகளில் உள்ளது. ஷாஃபிஈ மத்ஹபில் வலீ இல்லாத ஒப்பந்தம் செல்லாது. ஹனஃபி மத்ஹப் பருவமடைந்த பெண் தானே ஒப்பந்தம் செய்துகொள்ள இடமளித்தாலும், பொருத்தமற்ற இடமெனில் ஆட்சேபிக்கும் உரிமையை வலீக்கு வழங்குகிறது. ஆக, தந்தையின் சொல் வெறும் மரியாதைக்கான சடங்கு அன்று. ஆனால் வலீ என்பவர் அமானிதம் காப்பவர். மகள் அவருடைய உடைமை அல்லள். அமானிதத்தை எடுத்தாள்பவரிடம் காரணம் கேட்கப்படும்.

எந்தக் காரணங்கள் காரணங்களாகும்? இதற்கு ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களின் நிகழ்ச்சியைக் காட்டிலும் தெளிவான விளக்கத்தை நான் கண்டதில்லை. ஸஹீஹ் முஸ்லிமில் வரும் நிகழ்ச்சி அது. அவர் குறைஷிக் குலத்துப் பெண்மணி. மணவிலக்குப் பெற்று இத்தா முடித்தபோது முஆவியா, அபூ ஜஹ்ம் ஆகிய இருவரும் பெண் கேட்டு அனுப்பினர். இருவருமே குறைஷியர். அவர் நபி (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்டார். அபூ ஜஹ்ம் தோளிலிருந்து தடியைக் கீழே வைக்காதவர் என்றும், முஆவியா பொருளேதும் இல்லாத ஏழை என்றும் நபியவர்கள் ஒளிவின்றி எடுத்துரைத்தார்கள். பிறகு உஸாமா பின் ஸைத் (ரலி) அவர்களை மணந்துகொள்ளுமாறு கூறினார்கள். ஃபாத்திமா முதலில் விரும்பவில்லை. மீண்டும் கூறப்பட்ட பின் இசைந்தார். அந்த வாழ்வில் அல்லாஹ் நன்மையை வைத்தான் என்றும், பிறர் தம்மைக் கண்டு பொறாமை கொள்ளும் அளவுக்கு அது அமைந்தது என்றும் பின்னாளில் அவரே சொன்னார்.

உஸாமா யார்? விடுதலை செய்யப்பட்ட அடிமையான ஸைத் (ரலி) அவர்களின் மகன். தாய் உம்மு அய்மன் (ரலி) அபிசீனியப் பெண்மணி. தந்தை சிவந்த நிறம், மகன் கறுப்பு என்பதால் அவருடைய பிறப்பைப் பற்றியே மதீனாவில் சிலர் பேசினர். போர்வைக்கு வெளியே தெரிந்த இருவரின் பாதங்களையும் பார்த்து, அங்க அடையாளம் அறியும் ஒருவர் இவை ஒன்றிலிருந்து ஒன்று வந்தவை என்று சொன்னபோது நபியவர்களின் முகம் மகிழ்ச்சியால் ஒளிர்ந்ததை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். நிறத்தைப் பற்றிய முணுமுணுப்பு அந்தச் சமூகத்திலும் இருந்தது. ஊர்ப்பேச்சு என்பது நமக்கு மட்டும் வந்த சோதனை அன்று.

இந்நிகழ்ச்சியில் மூன்று மணமகன்களும் எவ்வாறு எடைபோடப்பட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். ஒருவரின் கை நீளும் குணம் குறையாகச் சொல்லப்பட்டது. மற்றவரின் வறுமை சொல்லப்பட்டது. மென்மையாகப் பூசி மெழுகாமல் சொல்லப்பட்டது. குலமும் நிறமும் மட்டும் தராசில் ஏறவே இல்லை. பெற்றோரின் ஆலோசனை இப்படி அமையுமானால், அதைப் புறக்கணிக்கும் பிள்ளை பெரும் இழப்புக்கு உள்ளாகிறது என்றே சொல்வேன்.

மேலும், அயல்நாட்டு மணமகன் விஷயத்தில் விசாரிக்க வேண்டியவை உள்ளூர் மணமகனைவிட அதிகம். உள்ளூரில் நான்கு பேரைக் கேட்டால் ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறை தெரிந்துவிடும். அங்கே அந்த வசதி இல்லை. அவருக்குத் தாயகத்தில் ஏற்கெனவே மனைவி உண்டா? கடன் உண்டா? படிப்பு விசா முடிந்தபின் எந்த நாட்டில் வாழ எண்ணுகிறார்? அவர் தொழும் பள்ளிவாசலின் இமாம் அவரைப் பற்றி என்ன சொல்கிறார்? அவருடைய தாய் இந்தத் திருமணத்தை அறிவாரா? கறுப்பு மருமகனை நாம் ஏற்கத் தயங்குவதைப் போலவே, இந்தியப் பெண்ணை மருமகளாக ஏற்கக் கார்ட்டூமில் ஒரு தாயும் தயங்கலாம். பிரிவு நேர்ந்தால் பிள்ளைகள் எந்த நாட்டுச் சட்டத்தின்கீழ் வருவார்கள்? காதல் கொண்ட இருவர் இக்கேள்விகளைக் கேட்க மாட்டார்கள், கேட்டாலும் பதிலை நம்பிவிடுவார்கள். இவற்றைக் கேட்பதற்காகவே வலீ இருக்கிறார். நம் தந்தையரில் பலர் நிறத்தைப் பார்த்து முதல் நாளிலேயே மறுத்துவிடுவதால், இந்தக் கேள்விகளைக் கேட்கும் வாய்ப்பையே இழந்துவிடுகின்றனர். பிறகு மகள் தானாக முடிவெடுக்கும்போது, அந்த மனிதரைப் பற்றி வீட்டில் எவருக்கும் ஒன்றும் தெரியாது. காக்க வேண்டியவர் காவலிலிருந்து தாமே விலகிக்கொண்டதாகத்தான் இதைக் கொள்ள வேண்டும்.

இங்கே அறிவாளர் எவரேனும் குஃபுவைச் சுட்டலாம். ஹனஃபி, ஷாஃபிஈ நூல்கள் திருமணப் பொருத்தத்தில் வம்சத்தையும் சேர்த்துள்ளன என்பது உண்மை. அதை மறைத்துவிட்டு எழுதுவது நேர்மையாகாது. மாலிகீ மத்ஹபு மார்க்கப் பற்றையே முதன்மையாகக் கொண்டது; மற்றவை வம்சத்தையும் தொழிலையும் எண்ணின. ஆனால் அந்நூல்களை முழுமையாகப் படிப்பவர் இரண்டு செய்திகளைக் காண்பார். ஒன்று, வம்சப் பொருத்தம் என்பது பெண்ணும் வலீயும் விட்டுக்கொடுக்கக்கூடிய உரிமை. அதை விட்டுக்கொடுத்துச் செய்த நிக்காஹ் முழுமையாகச் செல்லும். இரண்டாவது சற்று வேடிக்கையானது. அரபியர் அல்லாதார் தம் வம்சங்களைப் பேணி வைக்கவில்லை என்பதால் அவர்களிடையே வம்சப் பொருத்தம் பார்க்கப்படுவதில்லை என்கின்றன ஹனஃபி நூல்கள். எனவே ஹனஃபியான நம் இராவுத்தர் ஒருவர் இந்த நூல்களைக் காட்டி ஆப்பிரிக்கரை மறுக்க இயலாது. கேட்டு வந்த சூடானியர் அரபுக் குலத்தவராக இருந்துவிட்டால், அப்பட்டியலின்படி தாழ்ந்து நிற்பவர் இராவுத்தர்தாம்!

நபித்தோழர்களின் நடைமுறையும் இதற்கு மாறாக இல்லை. விடுதலை பெற்ற அடிமையான ஸாலிம் (ரலி) அவர்களுக்குத் தம் சகோதரரின் மகளையே மணமுடித்து வைத்தார் குறைஷித் தலைவர் குடும்பத்தைச் சேர்ந்த அபூ ஹுதைஃபா (ரலி). புகாரியில் இது பதிவாகியுள்ளது. ஸஃப்பில் தோளோடு தோள் நிற்பதை நாம் மாற்று மதத்தாரிடம் எடுத்துச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். ஸலாம் கொடுத்து எழுந்த பிறகு என்ன செய்கிறோம் என்பதையே அவர்கள் பார்க்கின்றனர். இஸ்லாத்தை ஏற்று வருபவரைத் தக்பீர் முழங்கி வரவேற்கும் ஜமாஅத், அவர் பெண் கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறது.

தகுந்த காரணமின்றி மறுக்கும் வலீயைப் பற்றிக் குர்ஆனிலேயே பேசப்பட்டுள்ளது. மஅகில் பின் யஸார் (ரலி) தம் சகோதரியை மணவிலக்குச் செய்த கணவர் மீண்டும் பெண் கேட்டு வந்தபோது, ஒருபோதும் தரமாட்டேன் என்று உறுதி கூறினார். அந்த மனிதரிடம் பெருங்குறை ஒன்றுமில்லை, அப்பெண்ணும் அவரிடம் திரும்ப விரும்பினார். அப்போதுதான் பெண்களைத் தடுக்க வேண்டாம் எனும் கருத்தில் அமைந்த 2:232 வசனம் இறங்கியது. மஅகில் உடனே கட்டுப்பட்டுத் தம் சகோதரியை அவருக்கே மணமுடித்துக் கொடுத்தார். இந்தத் தடுத்தலை ஃபிக்ஹ் நூல்கள் தனிப் பெயரிட்டே பேசுகின்றன. அது நிறுவப்பட்டால் வலீயின் அதிகாரம் காழியிடம் செல்லும் என்கின்றன. மலேசியக் கூட்டரசுப் பிரதேசங்களுக்கான 1984-ஆம் ஆண்டின் இஸ்லாமியக் குடும்பச் சட்டத்திலும் 13-ஆம் பிரிவு இதற்கு இடமளிக்கிறது. வலீ போதிய காரணமின்றி மறுத்ததாக விசாரணையில் தெரிந்தால், வலீ ராஜாவைக் கொண்டு நிக்காஹ் நடத்த ஷரீஅத் நீதிபதி அனுமதிக்கலாம்.

வழி இருக்கிறது என்பதற்காக முதல் மறுப்பிலேயே நீதிமன்றப் படியேற வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அவசரப்படும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. வாப்பா மறுக்கிறார் என்றால் தாய்மாமாவை, பெரியவாப்பாவை, ஓதிக்கொடுத்த ஹஜ்ரத்தை முன்னிறுத்துங்கள். ஆறு மாதமோ ஓராண்டோ பொறுத்திருங்கள். அந்தக் காத்திருப்பில் மணமகனின் பொறுமையும் தெரியவரும். இரகசிய நிக்காஹ் செய்துவிட்டு வந்து நிற்பது, மறுப்பவரின் வாதத்திற்கே வலுவூட்டும். பெற்றோர் எதிர்த்த திருமணம் நடந்த பின்னும் பெற்றோருக்குச் செய்ய வேண்டிய கடமை ஒன்றும் குறைவதில்லை. கதவு மூடப்பட்டாலும் பெருநாள்தோறும் அந்தக் கதவைத் தட்டத்தான் வேண்டும்.

மகன்களின் விஷயத்தில் வலீ என்ற பேச்சே இல்லாததால், அங்கே அதிகாரம் தாயின் கண்ணீர் வழியாக வருகிறது. உமர் (ரலி) விரும்பாததால் தம் மனைவியை மணவிலக்குச் செய்யுமாறு இப்னு உமர் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் சொன்ன செய்தியை இத்தகைய வீடுகளில் எடுத்துக் காட்டுவர். இதையே சொல்லித் தம்மிடம் வந்த ஒருவரிடம், உன் தந்தை உமரைப் போன்றவரா என்று இமாம் அஹ்மத் (ரஹ்) கேட்டதாக அறிவிக்கப்படுகிறது. இன்னொரு நிகழ்ச்சியையும் சேர்த்தே படிக்க வேண்டும். முகீஸ் எனும் கறுப்பின அடிமை, தம்மைப் பிரிந்த பரீராவுக்காக மதீனாவின் தெருக்களில் அழுதுகொண்டே பின்தொடர்ந்தார். நபியவர்கள் பரீராவிடம் பரிந்து பேசினார்கள். இது கட்டளையா என்று அவர் கேட்டார். கட்டளையன்று, பரிந்துரைதான் என்று பதில் வந்தது. அப்படியானால் எனக்கு அவர் வேண்டாம் என்றார் அந்த விடுதலை பெற்ற பெண். எவரும் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. வாழ்க்கைத் துணை விஷயத்தில் அல்லாஹ்வின் தூதரின் பரிந்துரையையே ஏற்கவோ மறுக்கவோ இடமிருந்தது என்றால், நம் பரிந்துரைகளின் எல்லையை நாம் உணர்ந்துகொள்ள வேண்டும்.

மற்றொரு முரணையும் சொல்லாமல் விட இயலவில்லை. அயல்நாட்டவர் பெரும்பாலும் மஹர் கொடுத்துத்தான் பெண் கேட்கிறார். கைக்கூலி என்ற சொல்லே அவருக்குத் தெரியாது. அவரை மறுத்துவிட்டு, சொந்த ஊர் மாப்பிள்ளைக்காக வீட்டை அடகு வைக்கும் தந்தையரையும் நாம் காண்கிறோம்.

இனி, தாய்மார்களின் அச்சம். பேரப்பிள்ளை என்னோடு எந்த மொழியில் பேசும் என்று ஒரு தாய் கேட்டால், அதை இனவெறி என்று ஒதுக்கிவிட முடியாது. அந்த அச்சத்திற்கு வரலாற்றில் சான்று உண்டு. 1801-இல் தோன்றிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலைச் சுற்றிப் பினாங்கில் வாழ்ந்த நம் வணிகர்கள் பலர் மலாய்ப் பெண்களை மணந்தனர். அவர்களின் வழித்தோன்றல்கள் ஜாவி பெரானாக்கான் என்று அழைக்கப்பட்டனர். 1876-இல் சிங்கப்பூரில் வெளிவரத் தொடங்கிய முதல் மலாய்ச் செய்தித்தாளை நடத்தியவர்கள் அச்சமூகத்தார். 1796-இல் மலாக்காவில் பிறந்த, தமிழ் வழியும் அரபு வழியும் கலந்த முன்ஷி அப்துல்லாஹ் நவீன மலாய் உரைநடையின் முன்னோடியாகவே மதிக்கப்படுகிறார். அவர்கள் இழந்தவற்றில் தமிழும் ஒன்று. பெரும்பாலான வீடுகளில் அது இரண்டு மூன்று தலைமுறைகளுக்குமேல் நிற்கவில்லை. அந்தக் காலத்தில் தந்தையர் கடலோடியதால் எவரும் தடுக்கவில்லை. இன்று மகள் செய்யும்போதுதான் மொழி நினைவுக்கு வருகிறது.

அந்தத் தாய்க்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். மஹரைப் பேசும் அதே சபையில் இதையும் பேசுங்கள். பிள்ளைகளிடம் தமிழில் பேசுவது யார் பொறுப்பு, ஆண்டுக்கொரு முறை ஊருக்கு வருவது யார் செலவு, நோன்புப் பெருநாள் எங்கே, ஹஜ்ஜுப் பெருநாள் எங்கே என்று வெளிப்படையாகக் கேளுங்கள். இணக்கமான பதிலைத் தராத மாப்பிள்ளையை அதற்காகவே நீங்கள் மறுக்கலாம். அந்த மறுப்பை உங்கள் மகளும் செவிமடுப்பாள்.