ஃபஜாரா, செஞ்சாவா?

புக்கிட் பாஞ்சாங் இலகு ரயிலில் ஏறியவர்களுக்குத் தெரிந்திருக்கும். எங்கள் பாதையில் ‘ஃபஜார்’ என்று ஒரு நிலையம் உண்டு. ‘செஞ்சா’ என்று இன்னொன்று. மலாயில் ஃபஜார் என்றால் விடியல், செஞ்சா என்றால் அந்தி. இரண்டுக்கும் நடுவில் இரண்டே நிலையங்கள். 1999ல் ரயில் ஓடத் தொடங்கியதிலிருந்து இந்தப் பெயர்கள் ஒலிபெருக்கியில் வருகின்றன. பேச்சையே தொழிலாகக் கொண்ட நான் அவற்றின் பொருளை யோசித்ததே இல்லை. யோசிக்க வைத்தது ஓர் ஐந்து வயதுப் பையன்.

எங்கள் புளோக்கில் நான்கு மாடி கீழே இருக்கும் தங்கையின் மகன் அவன். அம்மாவுக்குக் கடைத்தொகுதி ஒன்றில் விற்பனை வேலை. எனக்கு விடுப்பாக இருந்த ஒரு காலை நேரம், மின்தூக்கியில் அவர்களைப் பார்த்தேன். அவள் இடுப்பில் இரண்டு வயதுச் சின்னவள். தோளில் இரண்டு பிள்ளைகளின் பைகள். பையன் நிமிர்ந்து பார்த்துக் கேட்டான்: “அம்மா, இன்னிக்கு ஃபஜாரா, செஞ்சாவா?”

“செஞ்சாடா கண்ணு.”

அவன் முகம் வாடிவிட்டது. கீழ்த்தளம் வரும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

காலை ஷிஃப்ட் என்றால் ஃபஜார், கடை மூடும் ஷிஃப்ட் என்றால் செஞ்சா. அவர்கள் வீட்டில் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள் என்று அவள் பிறகு விளக்கினாள். ஃபஜார் நாளில் அம்மா ஆறரைக்கெல்லாம் வந்துவிடுவாள், சேர்ந்து சாப்பிடலாம். செஞ்சா நாளில் அவள் வரும்போது மணி பத்தரை. பிள்ளைகள் தூங்கிப்போயிருப்பார்கள்.

சில வாரங்கள் கழித்து வெற்றுத்தளத்தில் என்னை நிறுத்தி, “வேலைய விட்டுடட்டுமாக்கா?” என்று கேட்டாள். திருச்சியிலிருந்து வந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்த அவளுடைய அம்மாவுக்கு விசிட் பாஸ் முடிந்து ஊர் திரும்பியாகிவிட்டது. கணவருக்கு சாங்கியில் வேலை, அவருக்கும் ஷிஃப்ட். இல்லப் பணிப்பெண் வைத்துக்கொள்ள வருமானம் இடம் தராது.

கல்மேசையில் உட்கார்ந்து, ரசீது ஒன்றின் பின்பக்கம் கணக்குப் போட்டோம்.

முழுநாள் பாலர் பராமரிப்பு நிலையங்கள் பொதுவாகக் காலை 7 மணிக்குத் திறந்து மாலை 7 மணிக்கு மூடுகின்றன. சனிக்கிழமை பிற்பகல் 2 மணியோடு சரி. ஞாயிறும் பொது விடுமுறையும் கிடையாது. கடைத்தொகுதிகளோ பெரும்பாலும் காலை 10 முதல் இரவு 10 வரை, வாரத்தின் ஏழு நாளும் இயங்குகின்றன. நாம் ஓய்வாக இருக்கும் சனி, ஞாயிறுதான் அவளுக்கு மும்முரமான நாள்கள்.

அந்த வாரம் அவளுக்குத் திங்கள் ஓய்வு, செவ்வாய் காலை ஷிஃப்ட். புதன், வியாழன், வெள்ளி கடை மூடும் ஷிஃப்ட். நிலையம் மூடும் ஏழு மணியிலிருந்து அவள் வீடு வரும் பத்தரை வரை, நாளுக்கு மூன்றரை மணி நேரம். மூன்று நாளுக்குப் பத்தரை. சனிக்கிழமையும் கடை மூடும் ஷிஃப்ட், எட்டரை மணி நேரம். ஞாயிறு காலை ஷிஃப்ட், போய்வரும் நேரத்தோடு பத்து. மொத்தம் 29 மணி நேரம்! கணவர் வீட்டில் இருக்கும் நேரத்தைக் கழித்தாலும் ஏறக்குறைய பாதி மிஞ்சியது. அந்தப் பாதியில் பிள்ளைகளுக்கு யாரும் இல்லை.

பணத்துக்கு இங்கே வழி இல்லாமல் இல்லை. மாதம் 56 மணி நேரமாவது வேலை செய்யும் தாய்க்கு, சிங்கப்பூர்க் குடிமகனான பிள்ளையின் முழுநாள் பராமரிப்புக்கு மாதம் 300 வெள்ளி வரை அடிப்படை மானியம் உண்டு. குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கூடுதல் மானியமும் கிடைக்கும். அவளும் அதைப் பெறுகிறாள். ஆனால் மானியத்தால் ஏழு மணியைப் பத்தரையாக்க முடியாது. நிலையத்தின் கடிகாரம் அலுவலக வேலைக்காக வைக்கப்பட்டது. கல்லாவில் நிற்பவளின் கடிகாரம் வேறு.

என் பாட்டி ஜோகூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பிரட்டுக்குப் போக வேண்டும். அந்த இருட்டிலேயே கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போவாராம். வரிசையாகத் துணித் தொட்டில்கள், ஓர் ஆயா, கணக்கில்லாத பிள்ளைகள். அது ஒன்றும் சொர்க்கமில்லை. பாட்டியே அப்படிச் சொன்னதில்லை. தோட்ட நிர்வாகம் அதை நடத்தியதும் கருணையால் அல்ல, தாய் வந்தால்தான் மரம் வெட்ட ஆள் கிடைக்கும் என்பதால்தான். ஆனாலும் ஒன்றைக் கவனித்தீர்களா? அம்மாவின் வேலை எப்போது தொடங்குகிறதோ, அப்போது கொட்டகை திறந்தது.

இன்றும் சில நாடுகள் அந்த வழியில் யோசிக்கின்றன. சுவீடனில் பல நகராட்சிகள் இரவு வேலைக்குப் போகும் பெற்றோருக்காக இரவுப் பராமரிப்பு நிலையங்களை நடத்துகின்றன. ஜப்பானில் அங்கீகாரம் பெற்ற இரவுநேரப் பராமரிப்பு 1981லேயே வந்துவிட்டது. இந்தியாவில் 2017ல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. பெரிய துணிக்கடைக்கும் அந்த விதி பொருந்தும்.

நம் ஊரிலும் அப்படி வரலாம். ஆனால் அது வரும் வரை என் தங்கையின் பிள்ளைகள் ஐந்து வயதிலும் இரண்டு வயதிலும் நிற்க மாட்டார்கள். இன்றைக்கு என்ன செய்யலாம் என்று பார்த்தோம்.

முதலில், ‘நீக்குப்போக்கான வேலை ஏற்பாடு’. இந்தச் சொல்லைக் கேட்டதும் அவள் சிரித்தாள். “அதெல்லாம் வீட்டிலேர்ந்து வேலை பாக்கிறவங்களுக்குக்கா. நான் கல்லாவ வீட்டுக்கா தூக்கிட்டு வர முடியும்?” பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். வேலை செய்யும் இடத்தை மாற்றுவது அதில் ஒரு வகை மட்டுமே. நேரத்தை மாற்றுவதும், வேலையின் அளவைக் குறைப்பதும் அதற்குள் அடங்கும். குறிப்பிட்ட ஷிஃப்ட்டைக் கேட்பதும் நேரத்தைப் பற்றிய கோரிக்கைதான்.

2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் இருக்கும் முத்தரப்பு வழிகாட்டி நெறிமுறைகளின்படி, தகுதிகாண் காலத்தை முடித்த எந்த ஊழியரும் முறையாக எழுதிக் கேட்கலாம். என்ன மாற்றம் வேண்டும், ஏன், எப்போதிலிருந்து எப்போது வரை என்று அதில் குறிப்பிட வேண்டும். முதலாளி இரண்டு மாதத்துக்குள் எழுத்துமூலம் பதில் தர வேண்டும். மறுக்கலாம். ஆனால் செலவு, உற்பத்தித்திறன், நடைமுறைச் சிக்கல் போன்ற வர்த்தகக் காரணம் இருக்க வேண்டும். “எங்கள் கடையில் அந்தப் பழக்கமில்லை” என்பது காரணமாகாது.

அடுத்தது, மாத அட்டவணை. அவளுக்கு அடுத்த வார ஷிஃப்ட் வெள்ளிக்கிழமைதான் வாட்ஸ்அப்பில் வரும். கணவரின் ஷிஃப்ட்டோடு பொருத்திப் பார்க்கவே நேரமிருக்காது. வேலை நியமனச் சட்டத்தில் வேலைநேரம், ஓய்வுநாள் பற்றிய பகுதி, மாதம் 2,600 வெள்ளி வரை அடிப்படைச் சம்பளம் வாங்கும் கடை ஊழியர்களுக்குப் பொருந்தும். அவர்களின் ஓய்வுநாள்களை மாதம் தொடங்குமுன்பே முதலாளி தெரிவித்துவிட வேண்டும். ஷிஃப்ட்டையும் சேர்த்து அப்போதே சொல்லிவிட்டால் கடைக்குக் காசு செலவில்லை. ஒரு குடும்பத்துக்கோ அது பெரிய உதவி.

மூன்றாவது, அப்பாக்கள். ஏழு வயதுக்குக் குறைந்த, குடிமகனான பிள்ளை இருந்தால், மூன்று மாதம் வேலை பார்த்த பெற்றோருக்கு ஆண்டுக்கு ஆறு நாள் பிள்ளைப் பராமரிப்பு விடுப்பு. அம்மாவுக்கு ஆறு, அப்பாவுக்கும் ஆறு. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நிலையத்திலிருந்து அழைப்பு வரும்போதெல்லாம் அம்மா மட்டுமே ஓடினாள். அவளுடைய ஆறு நாளும் ஆண்டின் நடுவிலேயே தீர்ந்தன. அவருடைய ஆறு நாளில் ஒன்றுகூடக் கரையவில்லை. “கேட்டா சூப்பர்வைசர் என்ன நினைப்பாரோ” என்று தயங்கினாராம். தம்பிமார்களே, அவளுடைய சூப்பர்வைசரும் ஏதாவது நினைத்திருப்பார்தானே?

அவள் எழுதினாள். நான் உட்கார்ந்து பிழை பார்த்தேன். வேலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்கவில்லை. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் கடை மூடும் ஷிஃப்ட், அது எந்த நாள் என்று மாதத் தொடக்கத்திலேயே தெரிய வேண்டும், இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு ஓய்வு. இவ்வளவுதான்.

ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. மாலை ஷிஃப்ட் இரண்டு நாள், மாதம் முன்கூட்டியே அட்டவணை. இரண்டுக்கும் சம்மதம், மூன்று மாதச் சோதனையாக. ஞாயிறு மட்டும் முடியாது, கூட்டம் தாங்காது என்றார்கள். அந்த இரண்டு மாலைகளுக்கும் அதே மாடியில் இருக்கும் மலாய் மாக்சிக் ஒருவர் முன்வந்தார். மாதம் இவ்வளவு என்று பேசிக்கொண்டார்கள். ‘உதவி’ என்று விட்டுவிடாதே, தொகையைப் பேசிவிடு என்று நான்தான் சொன்னேன். இலவச உதவியைக் கேட்கும்போது, இன்றைக்கு முடியாது என்று அவராலும் சொல்ல முடியாது, ஒரு மணி நேரம் கூடுதலாக வேண்டும் என்று இவளாலும் கேட்க முடியாது. பிள்ளைகளை அழைத்துச் செல்ல அனுமதி பெற்றவராக மாக்சிக்கின் பெயரை நிலையத்தில் பதிந்தும் வைத்தார்கள். ஞாயிறுகளைக் கணவர் தம் ஓய்வுநாளை மாற்றிப் பார்த்துக்கொள்கிறார்.

எல்லாம் சுபம் என்று முடித்துவிட ஆசைதான். ஆனால் அவள் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். மாலையில்தான் விற்பனை அதிகம், கமிஷனும் அதிகம். அதில் ஒரு பகுதி போயிற்று. அடுத்த ஆண்டு சூப்பர்வைசர் ஆகும் வாய்ப்பு இருந்தது. அந்தப் பொறுப்புக்குக் கடைச் சாவி வேண்டும், சாவி வைத்திருப்பவர் இரவு கடையை மூட வேண்டும். இப்போதைக்கு அந்தச் சாவி வேறொருவரிடம் போகிறது. “பிள்ளைங்க பெரிசாகட்டும்கா” என்கிறாள். அவள் குரலில் வருத்தம் இல்லை என்று என்னால் எழுத முடியாது.

நான் ஷிஃப்ட் அறியாதவள் அல்ல. காலை நிகழ்ச்சி செய்த ஆண்டுகளில் முதல் ரயிலுக்கு முன்பே வீட்டைவிட்டுக் கிளம்பியிருக்கிறேன். வீட்டில் மாமியார் இருந்தார், அதனால் நடந்தது. அதை என் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மாலை நிகழ்ச்சிக்கு மாறிய பிறகு, ஏழு மணிக்கு மைக்கில் “வேலை முடிந்து குடும்பத்தோடு இருக்கும் உங்களுக்கு வணக்கம்” என்பேன். அந்த நேரத்தில் என் தங்கை சட்டைகளை மடித்துக்கொண்டிருப்பாள். இப்போது, “இன்னும் வேலையில் இருக்கும் உங்களுக்கும்” என்று சேர்த்துக்கொள்கிறேன். சின்ன மாற்றம்தான்.

அவர்கள் குளிர்பதனப் பெட்டியில் இப்போது மாத நாள்காட்டி ஒன்று ஒட்டியிருக்கிறது. ஃபஜார் நாளுக்கு மஞ்சள் வட்டம், செஞ்சா நாளுக்கு ஊதா வட்டம். ஒவ்வொரு மாதமும் பையனே வண்ணம் தீட்டுகிறான். இப்போது மின்தூக்கியில் அவன் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. போன வாரம் எனக்கே தகவல் சொன்னான்: “ஆன்ட்டி, இன்னிக்கு செஞ்சா. நாளைக்கு ஃபஜார்.” அம்மா எப்போது வருவாள் என்று தெரிந்திருப்பதே அவனுக்குப் போதுமாக இருக்கிறது.

உங்களில் சிலர் கடைகளில் அட்டவணை போடுபவர்களாக இருக்கலாம். அடுத்த மாதத்துக்கு உரியதை இந்த மாதமே கொடுக்க முடியுமா என்று பாருங்கள். மற்ற எல்லாரும் கடைக்குப் போகிறவர்கள். இரவு 9.50க்கு ஒரு கடைக்குள் நுழையும்போது, வாங்க வேண்டியதை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். கல்லாவில் சிரித்தபடி நிற்பவருக்காக எங்கோ ஒரு மாடியில் ஒரு மாக்சிக் விழித்திருக்கிறார்.