வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை

வன்கொடுமை நடந்த ஊர்களுக்குச் செல்லும்போது நாங்கள் முதலில் கேட்பது, முதல் தகவல் அறிக்கையின் நகல் கையில் இருக்கிறதா என்பது. அடுத்துக் கேட்பது, நிவாரணத் தொகை வந்ததா என்பது. இரண்டாவது கேள்விக்குப் பெரும்பாலும், 'கேஸ் முடிஞ்சாத்தானே பணம் வரும்?' என்ற எதிர்க்கேள்விதான் வருகிறது. பாதிக்கப்பட்டவர் மட்டுமல்ல, உடன் நிற்கும் ஊர்ப் பெரியவர்களும், படித்த இளைஞர்கள் சிலரும்கூட அப்படித்தான் நம்புகிறார்கள்.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-இல் இயற்றப்பட்டு, 1990 ஜனவரி 30 முதல் நடைமுறையில் இருக்கிறது. 1995-இல் வந்து 2016-இல் திருத்தப்பட்ட அதன் விதிகள், உடனடி நிவாரணத்தை ஏழு நாள்களுக்குள் வழங்க மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும் என்கின்றன. சாதியைச் சொல்லி இழிவுபடுத்திய வழக்கில், முதல் தகவல் அறிக்கை பதிவானதுமே 25 விழுக்காடு தர வேண்டும். குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்குப் போகும்போது 50 விழுக்காடு. தண்டனைக்காகக் காத்திருப்பது எஞ்சிய 25 விழுக்காடு மட்டுமே. கொலை வழக்கிலோ பிரேதப் பரிசோதனை முடிந்ததும் பாதித் தொகை, குற்றப்பத்திரிகையின்போது மறுபாதி. தீர்ப்புக்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

குற்றத்தின் தன்மைக்கேற்ப 85 ஆயிரம் ரூபாய் முதல் 8.25 லட்சம் ரூபாய் வரை என்று ஒன்றிய அரசின் விதிகள் நிர்ணயித்தன. தமிழ்நாடு அரசு இதைக் குறைந்தது 1 லட்சம், அதிகபட்சம் 12 லட்சம் என்று உயர்த்தியிருக்கிறது. கொலையுண்டவரின் குடும்பத்துக்குத் தொகையோடு மற்ற உரிமைகளும் உண்டு: மனைவிக்கோ சார்ந்திருப்போருக்கோ மாதம் 5,000 ரூபாய் அடிப்படை ஓய்வூதியமும் அகவிலைப்படியும், குடும்பத்தில் ஒருவருக்கு வேலை, நிலம், வீடு, பிள்ளைகளுக்குப் பட்டப்படிப்பு வரையிலான கல்விச் செலவு, மூன்று மாதங்களுக்கான அரிசி, பருப்பு, பாத்திரங்கள். விசாரணைக்கும் சாட்சி சொல்லவும் போகிற நாள்களுக்குப் பயணச் செலவும், விவசாயத் தொழிலாளருக்கான குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாத தினப்படியும் கிடைக்க வேண்டும். இவை பாதிக்கப்பட்டவருக்கு மட்டுமல்ல, சாட்சிகளுக்கும் உண்டு. இதைக் கேட்டுப் பெற்ற சாட்சிகள் நம் ஊர்களில் எத்தனை பேர்?

இது வெறும் பணக் கணக்கு இல்லை. தாக்கியவரின் வயலில்தான் தாக்கப்பட்டவருக்கு வேலை. கடன் கொடுத்தவரும் அவர் உறவுக்காரர். புகார் கொடுத்த மறுநாளே கூலி நின்றுபோகிறது. நீதிமன்றத்துக்குப் போகும் ஒவ்வொரு வாய்தாவும் ஒரு நாள் பட்டினி. அந்த நேரம் பார்த்துத்தான் சமரசம் பேச ஆள் வருகிறது. கொஞ்சம் பணத்தைக் கையில் வைத்து, 'ஊரோடு ஒத்துப்போ' என்கிறார்கள். சாட்சி பிறழ்கிறது, வழக்கு தோற்கிறது, 'அது பொய் வழக்கு' என்ற பேச்சு மட்டும் ஊரில் நிலைக்கிறது. அரசின் நிவாரணம் உரிய காலத்தில் வந்திருந்தால், அந்தக் குடும்பம் சமரசத் தூதரிடம் நிமிர்ந்து பேசியிருக்கும்.

வேறொரு தயக்கமும் நம் மக்களிடம் இருக்கிறது. நிவாரணம் வாங்கினால் மானத்தை விற்றதாகிவிடும் என்று தன்மானமுள்ள குடும்பங்கள் ஒதுங்குகின்றன. அவர்களிடம் நாம் சொல்ல வேண்டியது, இந்தத் தொகைக்காக வழக்கில் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை என்பதைத்தான். இதைப் பெற்றாலும் பிற சட்டங்களின் கீழ் இழப்பீடு கேட்கும் உரிமை போய்விடாது என்று விதிகளே சொல்கின்றன. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடமும் விண்ணப்பிக்கலாம்.

இத்தனையும் ஒரு தாளில் தொங்குகிறது. முதல் தகவல் அறிக்கையில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவு இல்லாமல், வெறும் அடிதடி வழக்காக எழுதப்பட்டுவிட்டால் நிவாரணக் கோப்பே உருவாகாது. வாய்மொழிப் புகாரை எழுதியபின் அதைப் படித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்க வேண்டும். நகல் தர வேண்டும். சரியான பிரிவில் பதிய வேண்டும். பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ அல்லாத அரசு ஊழியர் இந்தக் கடமைகளை வேண்டுமென்றே புறக்கணித்தால், ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்கு 4-ஆவது பிரிவு வழி செய்கிறது. எந்தக் காவல் நிலையச் சுவரில் இது எழுதப்பட்டிருக்கிறது?

இதையெல்லாம் விளம்பரப்படுத்தினால் பணத்துக்காகப் பொய்ப் புகார் பெருகும் என்பார்கள் சிலர். புகாரை விசாரிப்பவர் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி. இழிவுபடுத்தும் குற்றத்தில் முக்கால் பங்குத் தொகை அவரது குற்றப்பத்திரிகைக்குப் பிறகே வரும். ஊரின் பகையையும் வேலை இழப்பையும் தலைமேல் போட்டுக்கொண்டு கால் பங்குக்காகப் புகார் கொடுப்பார்கள் என்பவர்கள், சேரியின் ஒரு நாள் வாழ்க்கையையும் அறியாதவர்கள். வெள்ள நிவாரணத்தை ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கிறோம். பொங்கல் பரிசுக்கு வீடு வீடாக டோக்கன் கொடுக்கிறோம். சாதிக் கொடுமைக்கான நிவாரணத்தை மட்டும் ஏன் கோப்புக்குள் ஒளித்து வைக்க வேண்டும்?

மாவட்ட நிர்வாகத்திடம் நாம் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியங்களை அல்ல. குற்றம், தொகை, எந்தக் கட்டத்தில் எவ்வளவு என்ற அட்டவணையைத் தமிழில் அச்சிட்டு, முதல் தகவல் அறிக்கை நகலோடு இணைத்துக் கொடுங்கள். அதையே காவல் நிலையம், அரசு மருத்துவமனை, வட்டாட்சியர் அலுவலகச் சுவர்களில் எழுதுங்கள். ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் கூடுகின்றன, ஒன்றிலாவது வாசியுங்கள். சாதிச் சான்றிதழ், வங்கிக் கணக்கு என்று குடும்பத்தை அலைக்கழிக்காமல், மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகமே அவற்றை முடித்துக் கொடுக்கட்டும். ஆட்சியர் தலைமையிலான விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை கூட வேண்டும் என்பது விதி. எத்தனை வழக்குகள், எத்தனைக்கு நிவாரணம், எத்தனை நிலுவை என்பதை ஒவ்வொரு கூட்டத்துக்குப் பின்னும் வெளியிடுங்கள்.

நம் பக்கமும் வேலை இருக்கிறது. வன்கொடுமைகளுக்கு எதிரான தேசிய உதவி எண் 14566. ஒவ்வொரு தெருவிலும் இரண்டு இளைஞர்களாவது இந்த எண்ணையும் நிவாரண அட்டவணையையும் வைத்திருக்க வேண்டும். புகார் பதிவான ஏழு நாள்களில் தொகை வராவிட்டால், அடுத்த திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் எழுத்து மூலம் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்க வேண்டும். கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்ட 1968-இல் இப்படி ஒரு சட்டம் இல்லை. இன்று இருக்கிறது. அது தருவதைக் கேட்டு வாங்கும் பழக்கம் நம் தெருக்களில் வர வேண்டும்.