கை நீட்டி வாங்கிய பிறகு

1962 சட்டமன்றத் தேர்தலில் அண்ணா தன் சொந்த ஊரான காஞ்சிபுரத்தில் தோற்றார். இங்கே பிறந்தவர், நெசவாளர் குடும்பத்துப் பிள்ளை, இளமையில் இந்த ஊர் நகராட்சி அலுவலகத்தில் எழுத்தராக வேலை பார்த்தவர். 1953-இல் நூல் கட்டுப்படியாகாமல், துணி விலைபோகாமல் தறிகள் முடங்கிக் கிடந்தபோது கட்சிக்காரர்களைக் கைத்தறித் துணிகளைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்க வைத்தவர், தானும் சேர்ந்து விற்றவர். 1957-இல் இதே தொகுதி அவரைக் கோட்டைக்கு அனுப்பியது. ஐந்தே ஆண்டில், பேருந்துத் தொழில் நடத்திய காங்கிரஸ் வேட்பாளர் எஸ். வி. நடேச முதலியார் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் அவரை வென்றார்.

அதற்குப் பிறகு அண்ணா மக்களிடம் நேராக வாக்கு வாங்கிச் சட்டமன்றத்துக்குள் போகவே இல்லை. 1962-இல் மாநிலங்களவைக்குப் போனார். 1967-இல் தென்சென்னை நாடாளுமன்றத் தொகுதியில் நின்று வென்றார். அந்த ஆண்டு மார்ச் 6-ஆம் தேதி முதலமைச்சரானபோது மேலவை உறுப்பினராகித்தான் பதவியைத் தொடர்ந்தார். அப்போது இங்கே இரண்டு அவைகள் இருந்தன. மேலவை 1986 நவம்பர் 1-ஆம் தேதியோடு போய்விட்டது. 1952-இல் ராஜாஜி முதலமைச்சரானதும் மேலவை வழியாகத்தான். ராஜாஜி அந்தத் தேர்தலில் நிற்கவே இல்லை. அண்ணாவோ நின்றார், வென்றார், பிறகு சொந்த ஊர் அவரை வேண்டாம் என்றது. முதலமைச்சரைத் தந்த ஊர் என்று நாங்கள் சொல்லிக்கொள்கிறோம். முதலமைச்சரானபோது அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது எங்கள் வாக்கு இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அந்தத் தோல்விக்கு, காஞ்சிபுரத்தின் நெசவாளர் பகுதியான எங்கள் பிள்ளையார்பாளையத்தில் இன்றைக்கும் சொல்லப்படும் காரணம் ஒன்று உண்டு. வீடு வீடாகப் பணம் கொடுத்தார்கள், கூடவே திருப்பதி வெங்கடாசலபதி படத்தை நீட்டிச் சத்தியம் வாங்கினார்கள் என்பது. தி.மு.க.வினர் அன்றிலிருந்து சொல்லிவரும் குற்றச்சாட்டு இது. பணத்தால் மட்டும் அண்ணா தோற்றார் என்று நான் நம்பவில்லை. காமராஜர் ஆட்சி உச்சத்தில் இருந்த காலம் அது. பள்ளிக்கூடங்கள் திறந்தன, பிள்ளைகளுக்கு மதியச் சோறு கிடைத்தது. 206 இடங்களில் 139 காங்கிரசுக்குப் போயின. 1957-இல் வென்ற பதினைந்து தி.மு.க. உறுப்பினர்களையும் குறிவைத்துத் தோற்கடிக்கக் காங்கிரஸ் வேலை செய்தது. அவர்களில் மறுபடி வென்றவர் தஞ்சாவூரில் நின்ற மு. கருணாநிதி ஒருவர்தான். தோற்ற மற்ற பதின்மூன்று பேரின் தொகுதிகளிலும் வெங்கடாசலபதி படம் நீட்டப்பட்டது என்று யாரும் சொல்வதில்லை.

ஆனாலும் அந்தப் படத்தை என்னால் தள்ளிவிட முடியவில்லை. பணம் கொடுத்தவனுக்குச் சத்தியம் எதற்கு? திரைக்குப் பின்னால் போனவன் யாருக்குக் குத்தினான் என்று கொடுத்தவனால் பார்க்க முடியாது. அதனால் பார்க்கக்கூடிய ஒருவரை, ஏழுமலையானை, வாக்குச்சாவடிக்கு உள்ளே அனுப்பி வைத்தார்கள்.

இப்போது படம் தேவைப்படுவதில்லை. வார்டு ஆள் கையில் வாக்காளர் பட்டியல் இருக்கிறது. வீட்டுக்கு எத்தனை ஓட்டு என்று எண்ணிக் கவரைக் கொடுத்துப் பேருக்கு நேரே டிக் அடித்துக்கொண்டு போகிறார். போன தேர்தலின்போது எங்கள் தெருவில் ஒரு அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தேன். முப்பது வருடத்துக்கு மேல் தறியில் உட்கார்ந்தவர். “பணத்த வாங்கினா என்னக்கா, மனசுக்குப் புடிச்சவங்களுக்குப் போடலாமே” என்றேன். அவருக்குக் கோபமே வந்துவிட்டது. “கை நீட்டி வாங்கிக்கினு மாத்திப் போடச் சொல்றியாப்பா? நாங்க அப்டிப்பட்டவங்களா?” என்று கேட்டார்.

அந்தக் கோபத்தைப் புரிந்துகொள்ளாமல் இந்த ஊரின் தேர்தலைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது என்று நினைக்கிறேன். இங்கே தறி ஓடுவதே அட்வான்ஸில்தான். முதலாளி வீட்டில் பாவு வாங்கி நெய்கிறவர், கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் அவரிடமேதான் முன்பணம் வாங்குவார். பட்டும் ஜரிகையும் முதலாளியுடையவை, தறியும் உழைப்பும் இவருடையவை. சேலை அறுத்துக் கொண்டுபோய்க் கொடுக்கும்போதெல்லாம் கூலியில் கொஞ்சம் பிடிப்பார்கள். தீர்வதற்குள் அடுத்த அட்வான்ஸ் வந்துவிடும். அட்வான்ஸ் நிற்கும்வரை வேறு முதலாளியிடம் போகக் கூடாது. பக்கத்துத் தெருவில் கோர்வைச் சேலைக்குக் கூலி கூட்டிக் கொடுத்தாலும் போகக் கூடாது. எழுத்தும் கையெழுத்தும் இல்லாமல் நடக்கும் ஏற்பாடு இது. வாங்கினவன் பேச்சு மாற மாட்டான் என்கிற ஒரே நம்பிக்கையில் தலைமுறை தலைமுறையாக ஓடுகிறது. இந்தத் தெருக்காரர்களின் நாணயம் அப்படிப்பட்டது. அதில் எனக்குப் பெருமை உண்டு.

ஓட்டுக்குக் கொடுக்கிற கவர் அந்த நாணயத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. கொடுப்பவர் அதற்கு என்ன பெயர் வைத்தாலும் வாங்குபவர் மனத்தில் அது அட்வான்ஸ்தான். ‘வாங்கிக்கொண்டு மாற்றிப் போடு’ என்று மேடையில் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். நானும் அதைத்தான் சொன்னேன். பிள்ளையார்பாளையத்தில் அது ‘நாணயம் கெட்டவனாக இரு’ என்றுதான் காதில் விழுகிறது. கேட்பவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வது இயல்பு.

ஆகவே அந்த அக்காவிடம் சொல்ல வேண்டியது வேறு. கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தது. முன்பணத்தைக் காட்டி ஒருவரை வேறிடம் போகவிடாமல் வேலையில் கட்டிப்போட்டால், அந்தக் கட்டும் செல்லாது, அந்தக் கடனும் செல்லாது என்றது அது. ஊருக்கு இது படிப்பினையாக வந்தது பிள்ளைகள் விஷயத்தில். அப்பா வாங்கிய அட்வான்ஸுக்காகப் பத்து வயதுப் பிள்ளை இன்னொரு வீட்டுத் தறியில் உட்கார்ந்த காலம் இங்கே இருந்தது. காஞ்சிபுரத்துப் பட்டுத் தறிகளில் பிள்ளைகள் பட்ட பாடு 2003-இல் உலக அளவிலான மனித உரிமை அறிக்கையில்கூட எழுதப்பட்டது. அந்தப் பிள்ளைகளை மீட்டுப் பள்ளிக்கு அனுப்பியபோது, ‘வாங்கிய பணத்துக்கு வாக்குத் தவறினார்கள்’ என்று இந்த ஊரில் யாரும் பேசவில்லை. முன்பணத்துக்குப் பிள்ளையைக் கட்டிவைப்பது தப்பு என்பது எல்லோருக்கும் விளங்கியிருந்தது. நாளெல்லாம் மிதித்து நெய்கிற உழைப்பையே முன்பணத்தால் கட்டக் கூடாது என்கிறது சட்டம். அப்படியிருக்க, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கிடைக்கிற வாக்கை ஒரு கவர் எப்படிக் கட்டும்?

வாங்குவதும் குற்றம்தான். அதை மறைக்க நான் விரும்பவில்லை. கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் ஓராண்டு வரை சிறை என்று சட்டத்தில் இருக்கிறது. ஆனால் கையில் கட்டுக்கட்டாகப் பணத்தோடு தெருவுக்குள் வருகிறவரையும், வாரக் கூலியை எதிர்பார்த்துத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவரையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. தேர்தல் ஆணையமும் பணத்தைக் காரணம் காட்டித் தேர்தலையே நிறுத்தித்தான் பார்த்திருக்கிறது: 2016-இல் அரவக்குறிச்சியும் தஞ்சாவூரும், 2017-இல் ஆர்.கே. நகர், 2019-இல் வேலூர் நாடாளுமன்றத் தொகுதி. நான்கும் நம் மாநிலம். ஆர்.கே. நகரில் மறுபடி தேர்தல் நடந்தபோது இருபது ரூபாய் நோட்டை டோக்கனாகக் கொடுத்தார்கள் என்ற பேச்சு எழுந்தது. ஜெயித்த பிறகு நோட்டைக் காட்டி மீதியை வாங்கிக்கொள்ளலாமாம். இந்தப் பேச்சைக் கேட்டபோது எங்கள் தெருவில் ஒருவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. அட்வான்ஸும் பாக்கியும் எங்களுக்குத் தெரியாததா?

கட்டுப்பட்டவர் இழப்பது எது என்று யோசித்தால், என் கணக்கில் அது வாய்தான். அட்வான்ஸ் நிற்கிற நெசவாளர் முதலாளியிடம் கூலியைக் கூட்டச் சொல்ல மாட்டார், பட்டு எடை பார்க்கும்போது தராசைப் பற்றிக் கேட்க மாட்டார். அதே தயக்கம் எம்.எல்.ஏ. வாசலிலும் வந்து நிற்கிறது. “நாமதான் வாங்கிட்டோமே, எந்த மூஞ்சிய வச்சிக்கினு கேக்கறது” என்று பல வாயால் கேட்டிருக்கிறேன். இத்தனைக்கும் கேட்க வேண்டியதில் பாதிக்கு மேல் சட்டமன்றத்தில்தான் இருக்கிறது. பட்டுக்கும் ஜரிகைக்கும் சேலைக்கும் விதிக்கிற வரி டெல்லியைச் சுற்றுகிறது, சரி. ஆனால் கூட்டுறவுச் சங்கங்கள் மாநிலத்தின் பொறுப்பு. சங்கத்தில் சேலை தேங்கினால் உறுப்பினருக்குப் பாவு கிடைக்காது. இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டாக இருந்த கைத்தறிக்கான இலவச மின்சாரம் 2023-இல் 300 ஆனது மாநில அரசின் ஆணையால். விசைத்தறியில் ஓட்டிய சேலையைக் காஞ்சிக் கைத்தறிப் பட்டு என்று விற்கிறார்கள்; கைத்தறிக்கென்று ஒதுக்கிய ரகங்களை விசைத்தறியில் நெய்வதையே தடுக்க 1985-லேயே மத்தியச் சட்டம் வந்துவிட்டது. அந்த ரகங்களில் பட்டுச் சேலையும் உண்டு. போய்ப் பிடிக்க வேண்டியவர்கள் மாநிலக் கைத்தறித் துறை அலுவலர்கள். எத்தனை பேர், எத்தனை கடை, எத்தனை வழக்கு என்று கேட்கிற இடம் சட்டமன்றம்.

அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமையும் எங்களுக்கு அப்படியொன்றும் பழையதல்ல. பக்கத்தில் உத்திரமேரூரைக் காட்டி, ஆயிரம் ஆண்டுக்கு முன்பே குடவோலை கண்ட மண் என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் அருமையானவைதான். கணக்குக் காட்டாமல் போனவரும் அவர் உறவினரும் மறுபடி வாரியத்துக்கு வர முடியாது என்கிற விதி இன்றைக்கும் வேண்டும். ஆனால் அந்தக் குடத்துக்குள் ஓலை விழ வரி கட்டும் கால்வேலி நிலம் வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். தறிக்காரன் பெயர் அதில் ஏறியிருக்காது. 1937 தேர்தலில்கூடச் சொத்தும் வரியும் படிப்பும் பார்த்துத்தான் பெரும்பாலும் வாக்குக் கொடுத்தார்கள். ஒண்டுக்குடித்தனத்தில் குழித்தறி போட்டு நெய்தவரும் அவர் மனைவியும் முதலாளிக்குச் சமமாக வரிசையில் நின்றது 1952-இல்தான். எங்கள் தாத்தா பாட்டி காலத்தில் வந்த உரிமை இது.

ரகசியம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் யாருக்குப் போட்டோம் என்பது தெரிந்துவிடுமோ என்று சிலருக்கு இருக்கும் பயத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. யார் யாருக்குப் போட்டார் என்பது யாருக்கும் தெரியாது, அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் தெரு தெரிந்துவிடும். வாக்குச்சீட்டுக் காலத்தில் பல சாவடிகளின் சீட்டுகளைக் கலந்து எண்ண விதி இருந்தது. 2001 முதல் நம் மாநிலச் சட்டமன்றத் தேர்தல் முழுக்க இயந்திரத்தில் நடக்கிறது. இயந்திரத்தை ஒவ்வொன்றாகத்தான் எண்ணுகிறார்கள். சாவடிக்கு ஓராயிரத்துச் சொச்சம் பேர், அதாவது இரண்டு மூன்று தெரு. எந்தச் சாவடியில் யாருக்கு எத்தனை என்பது வெளிப்படையாகவே வெளியாகிறது. கவர் கொடுத்தவர் அதைப் பார்த்து, ‘அந்தத் தெரு நமக்குப் போடவில்லை’ என்று எழுதி வைத்துக்கொள்ளலாம். சாக்கடை வேலை வரும்போது அந்த நோட்டு ஞாபகத்துக்கு வரலாம்.

இதற்கு மருந்தும் இருக்கிறது. பல இயந்திரங்களை ஒன்றாக இணைத்து மொத்தக் கணக்கை மட்டும் காட்டும் டோட்டலைசர் என்ற கருவியைத் தேர்தல் ஆணையம் 2008-லேயே கேட்டது. சட்ட ஆணையம் 2015-இல் தன் 255-ஆவது அறிக்கையில் ஆதரித்தது. மத்திய அரசு ஒப்புக்கொள்ளவில்லை. சாவடிவாரியான கணக்கு இருந்தால்தான் எந்தப் பகுதியில் மேலும் வேலை செய்ய வேண்டும் என்று வேட்பாளருக்குத் தெரியும் என்பது மறுப்பவர்களின் வாதம். பிள்ளையார்பாளையத்தின் இரண்டு தெருக்காரர்களுக்கு அந்தக் கணக்கு எப்படிப் பயன்படும் என்பதை அவர்கள் இங்கே வந்து கேட்டிருக்கலாம்.

அந்த அக்காவை மறுபடி பார்த்தபோது 1976 சட்டத்தைப் பற்றிச் சொன்னேன். பிள்ளைகளை மீட்ட காலம் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. ஓட்டுப் பணத்தைப் பற்றி அவர் மனம் மாறியதா என்று நான் கேட்கவில்லை. ஆனால் வேறொன்று கேட்டார். சட்டசபையில் கைத்தறிக்கென்று தனியாக ஒரு நாள் பேசுவார்களாமே, அது எப்போது என்று. கைத்தறி, துணிநூல் துறையின் மானியக் கோரிக்கை ஒவ்வொரு ஆண்டும் பட்ஜெட்டுக்குப் பின் அவைக்கு வருகிறது. அமைச்சர் கொள்கை விளக்கக் குறிப்பைத் தமிழிலேயே வைக்கிறார், யார் வேண்டுமானாலும் வாங்கிப் படிக்கலாம். அதை எடுத்துவந்து தருவதாகச் சொன்னேன். விசைத்தறிச் சேலையைப் பிடித்த கணக்கு அதில் இருக்குமா, இல்லையென்றால் எம்.எல்.ஏ. அதைக் கேட்க முடியுமா என்றார் அவர். முடியும் என்றேன். “அப்போ ஓட்டுக் கேட்டு வரவங்ககிட்ட இதத்தான் கேப்பேன், எந்தக் கட்சியா இருந்தாலும்” என்றார்.