நீக்கும் வழியையும் சேர்த்துக் கொடுங்கள்

ஸ்ரீரங்கத்தின் சட்டமன்ற உறுப்பினராக இருந்த ஜெயலலிதா, முதல்வராக 2011 செப்டம்பர் 15 அன்று விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கினார். தமிழக அரசு நிறுவனமான எல்காட் வாங்கிக் கொடுத்த அந்தக் கணினிகளில் விண்டோஸோடு, மத்திய அரசின் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் கைக்குக் கட்டற்ற மென்பொருளைக் கொண்டுபோன நல்ல முடிவு அது. ஆனால், ஒரு மென்பொருளை ஏற்றிக் கொடுப்பவருக்கு, வேண்டாம் என்பவர் அதைச் சேதமில்லாமல் எடுக்கும் வழியைச் சொல்லித்தரும் கடமையும் உண்டு.

லினக்ஸ் வேண்டாம் என்பவர் வழக்கமாகச் செய்வது, விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் அந்தப் பார்ட்டிஷனை அழிப்பது. இடம் கிடைத்துவிடும். அடுத்த முறை கணினியைப் போட்டால் கறுப்புத் திரையில் ‘க்ரப் ரெஸ்க்யூ’ என்று மட்டும் நிற்கும். பழைய பயாஸ் கணினிகளில் டிஸ்க்கின் முதல் 512 பைட்டுக்குள் லினக்ஸின் பூட்லோடரான க்ரப்பின் தொடக்கத் துண்டு இருக்கிறது. அது தேடும் மீதிக் கோப்புகளோ பார்ட்டிஷனோடு போய்விட்டன. குடியிருந்தவர் காலி செய்த பிறகும் வாசல் சாவி அவரிடமே இருக்கும் கதைதான். உள்ளே விண்டோஸும் படங்களும் ப்ராஜெக்ட்டும் பத்திரமாக இருக்கின்றன. விண்டோஸ் டிவிடியில் பூட் செய்து, ரிப்பேர் பகுதியின் கமாண்ட் ப்ராம்ப்டில் ‘பூட்ரெக் /ஃபிக்ஸ்எம்பிஆர்’ என்று ஒரு வரி அடித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். இது தெரியாமல் திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு சர்வீஸ் கடைக்குப் போகிறவருக்கு, ‘ஃபார்மட் பண்ணிடலாம்’ என்ற பதில் கிடைத்தால் அதை மறுக்க என்ன தெரியும்? சில நூறு பைட் மிச்சத்துக்காக மூன்று வருடப் படிப்பு அழிந்துபோகும்.

புதிய யூஇஎஃப்ஐ கணினிகளில் இந்தத் தொல்லை இல்லையே என்பார்கள். பாதிதான் உண்மை. பூட் வரிசையில் விண்டோஸை மேலே ஏற்றினால் கணினி திறந்துவிடும். பலருக்கு அதுவே போதும், மிச்சத்தை அப்படியே விட்டாலும் குற்றமில்லை. முழுக்கத் துடைக்க நினைப்பவர் இஎஃப்ஐ பார்ட்டிஷனுக்குள் போய் லினக்ஸின் ஃபோல்டரை அழிக்க வேண்டும். அதே இடத்தில்தான் மைக்ரோசாஃப்ட் ஃபோல்டரும் இருக்கிறது. கை தவறினால் விண்டோஸும் எழாது. பிட்லாக்கர் பூட்டு போட்ட கணினி, பூட் வரிசையைத் தொட்டதுமே ரெகவரி கீ கேட்கலாம்.

நீக்கக் கற்றுக்கொடுத்தால் லினக்ஸை யார் வைத்துக்கொள்வார்கள் என்று கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் கேட்கக்கூடும். மாட்டிக்கொள்வோமோ என்ற பயம்தான் அதைத் தொடவிடாமல் பலரைத் தடுக்கிறது என்பது என் கணிப்பு. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஐ ஏற்காத பழைய கணினிகளுக்கு லினக்ஸ் நல்ல மாற்று. திரும்பி வரும் வழி தெரிந்தால் துணிந்து போட்டுப் பார்ப்பார்கள். கல்லூரி மாணவர்களுக்கு 20 லட்சம் கணினி தரும் திட்டத்தை 2025-26 பட்ஜெட்டில் தமிழக அரசு அறிவித்தது. அவற்றோடு தமிழில் ஒரே ஒரு தாள் போதும். திருச்சி என்.ஐ.டி.யோ பாரதிதாசன் பல்கலைக்கழகமோ ஒரு வாரத்தில் எழுதிவிடக்கூடியதுதான்: முதலில் கோப்புகளை நகலெடு, ரெகவரி கீயைக் குறித்து வை, பிறகு பூட்லோடரை விண்டோஸுக்கு மாற்று, கடைசியில்தான் பார்ட்டிஷனை அழி.