வேலிக்குப் பணம் போடும் முன்

நிலம் வாங்கி இயற்கை விவசாயத்துக்கு வருகிற புதியவர்கள் பலர் முதலில் செய்கிற வேலை, கல்லுக்கால் நட்டு முள்கம்பி இழுப்பது. என்னைப் போல ஓய்வு பெற்று வருகிறவர்களுக்குப் பணிக்கொடைப் பணத்தில் முதல் கை வைப்பதே அந்த வேலிதான். மண்ணுக்கு ஒரு கூடை எரு போடும் முன்னே பாதிப் பணம் எல்லையில் நின்றுவிடுகிறது. இது தேவையா என்பதுதான் என் கேள்வி.

வங்கியில் இருந்த காலத்தில் பண்ணைக் கடனுக்கான திட்ட அறிக்கைகள் நிறையப் பார்த்திருக்கிறேன். என் மேஜைக்கு வந்தவற்றில் வேலி என்றால் இத்தனை கல், இத்தனை கட்டுக் கம்பி என்றுதான் இருக்கும். கிளுவை வேலி என்று எழுதிய அறிக்கை ஒன்றுகூட வந்ததில்லை. கொட்டேஷனும் பில்லும் இல்லாத பொருளை யார் காகிதத்தில் ஏற்றுவார்கள்? ஆனால் கணக்காகவே பாருங்க. கம்பிவேலிக்குப் போட்ட நாளிலிருந்து தேய்மானம். துருப்பிடிக்கும், தொய்யும், கல் சாயும். உயிர்வேலி வருஷா வருஷம் தடிக்கும்.

மூன்று ஏக்கர் சதுரமாக இருந்தால் சுற்றளவு சுமார் 1,450 அடி. எட்டடிக்கு ஒரு கல் என்றாலே 180 கல் வேண்டும். அதற்கு மேல் கம்பி, குழி, கூலி. அதே தூரத்துக்கு அடிக்கு ஒன்றாகக் கிளுவைப் போத்து நட்டால் 1,450 போத்து. பழைய வேலி வைத்திருக்கிறவர் கவாத்து செய்யும்போது போய்க் கேட்டால் தருவார். வெட்டுக்கூலியும் வண்டி வாடகையும்தான் செலவு.

காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடுகளைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். தரையில் கொழுக்கட்டைப்புல், நடுவில் வெள்வேல், சுற்றிலும் முள்கிளுவை வேலி. மேய்க்க ஆள் நிற்காமலே மாடு உள்ளே மேயும். ஆனால் எங்கள் பக்கம் நிலம் கை மாறினால் பொக்லைன் முதலில் இறங்குவது இந்த வேலி மேல்தான். இரண்டு தலைமுறை வேலியை ஒரு காலைப்பொழுதில் பிடுங்கிப் போட்டு, காய்ந்ததும் தீ வைத்ததைப் பார்த்தேன். அந்த இடத்தில் இன்று கல்லும் கம்பியும் நிற்கிறது, ஒரு குருவி உட்கார நிழல் கிடையாது.

கிளுவை மானாவாரிக்கு. தண்ணீர் உள்ள தோட்டத்துக்கு ஆடாதோடையும் நொச்சியும் போதும். ஆடு தொடாது என்பது ஆடாதோடையின் பெயரிலேயே இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் வெள்ளையாகப் பூக்கும்போது தேனீயும் கருவண்டும் வேலியை விட்டு நகராது. அடுத்த பாத்தியில் காய்கறி வைத்திருப்பவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி! நொச்சித் தழை பூச்சிவிரட்டிக் கரைசலுக்கு ஆகும், தானியக் குதிருக்குள் போட ஆகும். கோட்டை மதிலைக் காக்கும் போருக்கு நொச்சித்திணை என்றுதானே நம் முன்னோர் பெயர் வைத்தார்கள்!

உயிர்வேலி வைத்துத் தோற்றேன் என்கிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: முதல் கவாத்து எப்போது செய்தீர்கள்? செடி வேகமாக வளர்கிறதே என்று மகிழ்ந்து விட்டுவிடுகிறார்கள். அது மேலே குடையாக விரிந்து, கீழே நாய் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுகிறது. நொச்சியும் ஆடாதோடையும் இடுப்பளவு வந்ததும் மனசைக் கல்லாக்கிக்கொண்டு முழங்கால் உயரத்தில் வெட்டணும். அப்போதுதான் அடியிலிருந்து கிளை பிரியும். அந்தக் கிளைகளை ஒன்றோடொன்று பின்னி விடணும். பட்டுப்போன இடத்தில் அடுத்த மழைக்கே மறுபடி நடணும். வெட்டிய தழை அப்படியே பாத்திக்கு மூடாக்கு. கிளுவைத் தழை என்றால் வெள்ளாட்டுக்கு.

கிளுவைப் போத்தை இலை உதிர்ந்து நிற்கும் கோடையில் வெட்டி, சில நாள் நிழலில் கிடத்தி, வெட்டுவாய் காய்ந்தபின் கோடை மழையை ஒட்டி நடலாம். தண்ணீரை அதிகம் விட்டால் அடி அழுகும். துளிர் வரும்போது ஆடு கடிக்காமல் இருக்க, முதல் வருஷம் சீமைக்கருவேல முள்ளை வெட்டி அணை போடுங்கள். ஆடாதோடைக்கும் நொச்சிக்கும் முதல் கோடையில் மட்டும் தண்ணீர் காட்டணும்.

இன்னொன்று. நடும் முன் நிலத்தை அளந்து, எல்லைக் கல்லிலிருந்து இரண்டடி உள்ளே தள்ளி நடுங்கள். வேலி பருக்கும், பங்காளி சண்டையும் கூடவே பருக்கும்.

குறையையும் சொல்லிடறேன். மயிலை எந்த வேலியும் நிறுத்தாது. காட்டுப்பன்றி உள்ள ஊரில் உயிர்வேலி மட்டும் போதாது, அங்கே கம்பியும் சேர்த்துத்தான் யோசிக்கணும். பாம்பு வருமே என்று கேட்பார்கள். வரும், கீரியும் வரும். அடர்ந்து நிற்க மூன்று வருஷம் ஆகும், அதுவரை காவலுக்கு ஆள் வேணும்.

அந்த மூன்று வருஷத்துக்குத்தான் உதவி வேண்டியிருக்கிறது. வேலிக்குக் கடனும் மானியமும் கேட்டு நம் சங்கங்கள் மனுக் கொடுக்கும்போது, உயிர்வேலிக்கும் அடிக்கு இவ்வளவு என்று ஒரு வரி சேர்த்துக் கேட்போம். பில் இல்லை என்பார்கள். நட்டபோது பாதி, இரண்டாம் கோடை தாண்டிப் பிழைத்த செடியை எண்ணிப் பார்த்து மீதி என்று கொடுக்கட்டும். கல்லுக்காலை எண்ணத் தெரிந்த அதிகாரிக்குக் கிளுவையை எண்ணத் தெரியாதா?