வேலிப் பொட்டும் புற்றுநோய்க் கலமும்

சண்டிலிப்பாய் ஒழுங்கைகளிலே ஆடு மேய்த்தவர்கள் ஒன்றை அறிவார்கள். நெருக்கமான வேலியாயின் ஆடு அதன் ஓரமாகவே செல்லும். ஒரு பொட்டு அகப்பட்டால் மறுகணம் அயல் வளவில் நிற்கும். ஆட்டின் வழியை ஆடு மட்டுமன்று, வேலியும் தீர்மானிக்கின்றது. புற்றுநோய்க் கலத்தின் கதையும் ஏறக்குறைய இதுவே.

1889ஆம் ஆண்டிலே ஸ்டீபன் பஜெற் என்னும் ஆங்கிலேய வைத்தியர், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பிரேத பரிசோதனைக் குறிப்புகளை ஆராய்ந்தார். நோய் கண்டபடி பரவாது சில உறுப்புகளையே நாடுவதைக் கண்டு, விதையை மட்டுமன்றி நிலத்தையும் ஆராய வேண்டும் என வாதித்தார். தோட்டம் செய்யும் நம்மவருக்கு இது புதுமையன்று.

அந்த 'நிலம்' யாது? கலங்களைச் சூழ்ந்து கொலாசன் என்னும் புரத நார்கள் பின்னிக் கிடக்கின்றன. நலமான இழையத்தில் அவை சுருண்டும் நெகிழ்ந்தும் இருக்கும். கட்டியைச் சுற்றியோ அவை பெருகி இறுகுகின்றன. கையால் தடவும்போது கட்டி கடினமாகத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். சில நார்கள் கட்டியின் விளிம்பிலிருந்து வெளிநோக்கி நேராக நீண்டு விடுகின்றன. கலங்கள் அவற்றைப் பற்றி ஊர்ந்து செல்வதை 2006இல் அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தார் காட்டினர். இடைவெளி ஒடுங்கினால் கலத்தின் உடல் நெளிந்து நுழையும். விறைப்பான கரு சிக்கிக்கொள்ளும். அப்போது நொதியங்களைச் சுரந்து நாரை அறுத்துத் தானே பொட்டு வைக்கும் கலங்களும் உண்டு!

இனி நம் வெற்றிலைத் தட்டத்துக்கு வருவோம். பாக்கிலுள்ள அரிக்கோலின் என்னும் பொருள் வாயின் மென்தோலுக்கடியில் நார்களைப் பெருக்குகின்றது; பாக்கின் செம்பு அந்நார்களைப் பிணைக்கும் நொதியத்தைத் தூண்டுகின்றது. கன்னம் விறைத்து வாய் திறக்க இயலாது போகும். இந்நோயுற்றோருட் சிலருக்குப் பின்னர் புற்றுநோயும் தோன்றும். புகையிலை சேராத பாக்கும் புற்றுநோய் விளைவிப்பதே என்று 2004இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்டது. "நான் புகையிலை போடுவதில்லையே" என்று ஆறுதலடையும் பெரியோர் இதனைக் கவனிப்பாராக. இலங்கை ஆண்களை மிகுதியாகப் பீடிப்பது வாய்ப்புற்றுநோயே.

உறைப்புப் பட்டதும் வாய் எரிகின்றவரும், மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வாய்க்குள் நுழைக்க இயலாதவரும் காலந்தாழ்த்தாது வைத்தியரைக் காணல் வேண்டும். 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்தோர் திரட்டிய நிதியால் எழுந்த புற்றுநோய் வைத்தியசாலை, அண்மையில் தெல்லிப்பழையிலேயே உள்ளது.