கதவை யார் பூட்டுவது?

இரு கட்டடங்களை இணைக்கும் ஆகாய நடைபாதை பற்றிப் பேச்செடுத்தாலே நம் துறையினர் இடைத்தூரம், தூண், எஃகு எடை என்று தொடங்கிவிடுகிறோம். அந்தக் கணக்கு நமக்குக் கைவந்த கலை. பாலத்தின் இரு முனையிலும் இருக்கும் கதவைப் பற்றித்தான் போதிய அக்கறை இல்லை.

அமெரிக்காவின் மினியாபொலிஸ் இதற்கு நல்ல பாடம். புறநகரில் 1956இல் திறந்த சவுத்டேல் வணிக வளாகம், பனிக்கும் வெயிலுக்கும் அஞ்சாமல் கடை கடையாக நடக்கும் வசதியைத் தந்தது. நகர மையத்து வணிகர்களுக்குக் கலக்கம். லெஸ்லி பார்க் என்ற கட்டுமானத் தொழிலதிபரும் கட்டடக் கலைஞர் எட் பேக்கரும் 1962இல் நகர மையத்தில் முதல் ஆகாய நடைபாதையை அமைத்தார்கள். இன்று அந்த வலைப்பின்னல் சுமார் 15 கி.மீ. நீளம், எண்பது பிளாக்குகள் வரை எட்டுகிறது.

அந்தப் பாலங்கள் பெரும்பாலும் தனியார் சொத்து. ஒரு கட்டடம் முன்மாலையிலேயே மூடும், அடுத்தது இரவு வரை திறந்திருக்கும். நடுவழியில் பூட்டிய கண்ணாடிக் கதவு எதிர்ப்பட்டால் வந்த வழியே திரும்பி, இறங்கப் படி தேட வேண்டும். தெருவில் நிற்பவர் பாடு இன்னும் மோசம்: தலைக்கு மேலே பாலம் தெரியும், ஏறும் வழி தெரியாது. ஏதோ ஒரு கட்டடத்தின் வரவேற்புக் கூடத்துக்குள் நுழைந்து எஸ்கலேட்டரைத் தேட வேண்டும். அங்கே காவலாளி நிற்பார். புதியவரும் ஏழையும் தயங்குவது அந்த இடத்தில்தான்.

பக்கத்து நகரான செயின்ட் பால் வேறு வழியில் போனது. அங்கே பாலங்கள் நகராட்சியின் உடைமை. கட்டடத்துக்குள் செல்லும் பாதையிலும் பொதுமக்களுக்கு வழியுரிமை பெற்று, திறப்பு நேரத்தை நகர விதியே வகுத்தது. நேரத்தைக் குறைக்கச் சொல்லும் கட்டட உரிமையாளர்கள் அங்கும் உண்டு. ஆனால் அது பொது மன்றத்தில் பேசித் தீர்க்கும் வழக்காகிறது. என் கருத்தில் இதுவே சரியான முறை.

கனடாவின் கால்கரியில், பாலம் கட்டுவோருக்குக் கூடுதல் தளப்பரப்பு சலுகையாகக் கிடைத்தது. அப்படிச் சலுகை தரும் நகரம் பதிலுக்குத் திறப்பு நேரத்தையும் பராமரிப்பையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும். கட்டி முடித்த பிறகு கேட்டால் யாரும் தரமாட்டார்கள்.

தெருவிலிருந்து நேரே ஏறும் படியும் லிப்டும் இல்லாத ஆகாய நடைபாதை வரைபடம் மேசைக்கு வந்தால், தயவுசெய்து கையெழுத்திடாதீர்கள்.